மதராஸில் பிறந்தவருக்குப் பாகூவில் கிடைத்த 12 புள்ளிகள்

ஐரோப்பிய நாடுகள் ஆண்டுதோறும் ஆளுக்கொரு பாடலை அனுப்பும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் 2012ஆம் ஆண்டு இறுதிச் சுற்றில், அஜர்பைஜானின் பாகூ நகரில், பிரிட்டன் 26 நாடுகளுக்குள் 25ஆவதாக வந்தது. அந்நாட்டின் சார்பில் பாடியவர் எங்கெல்பெர்ட் ஹம்பர்டிங்க். அவருக்குக் கிடைத்த மொத்தப் புள்ளிகள் 12. ஒரு நாடு தனக்கு மிகப் பிடித்த பாடலுக்கு வழங்கும் உச்சப் புள்ளியே 12 என்பது அந்தப் போட்டியின் அன்றைய விதி. ஆகவே, வாக்களித்த 41 நாடுகளும் சேர்ந்து அவருக்கு அளித்தது, ஏதாவது ஒரு நாடு மனம் வைத்திருந்தால் தனியாகவே அளித்திருக்கக்கூடிய அளவுதான். அவருக்கும் கீழே நார்வே மட்டும் 7 புள்ளிகளுடன் இருந்தது. ஐந்து முறை இப்போட்டியை வென்ற நாடு, அதுவரை பதினைந்து முறை இரண்டாம் இடத்தில் நின்ற நாடு, உலகமெங்கும் இசைத்தட்டுகளை விற்றுப் பெயர் பெற்ற ஒரு பாடகரை அனுப்பியும் ஏன் இப்படி ஆயிற்று என்பதற்குப் பல விடைகள் அப்போதே சொல்லப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை தவறு என்பது என் எண்ணம்.

சென்னையில் உட்கார்ந்துகொண்டு இதைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுத ஒரு காரணம் இருக்கிறது. எங்கெல்பெர்ட் நம் ஊரில் பிறந்தவர். பிரிட்டிஷ் ராணுவத்தில் பணியாற்றிய தந்தைக்கு 1936 மே 2 அன்று மதராஸில் பிறந்த அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஆர்னல்ட் ஜார்ஜ் டார்சி. அவருக்குப் பத்து வயதானபோது குடும்பம் இங்கிலாந்தின் லெஸ்டர் நகருக்குக் குடிபெயர்ந்தது. ஜெரி டார்சி என்ற பெயரில் பல ஆண்டுகள் பாடியும் எதுவும் கைகூடாமல் இருந்தவருக்கு, 1965இல் கார்டன் மில்ஸ் என்ற மேலாளர், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானிய இசையமைப்பாளர் ஒருவரின் பெயரை அப்படியே எடுத்துச் சூட்டினார். அந்தக் கார்டன் மில்ஸும் மதராஸில் பிறந்தவர்தான். 1967இல் ‘ரிலீஸ் மீ’ வெளிவந்து பிரிட்டனின் பாடல் பட்டியலில் ஆறு வாரங்கள் முதலிடத்தில் நின்றபோது, அதனால் முதலிடத்துக்கு வர முடியாமல் போனது பீட்டில்ஸ் குழுவின் ‘பென்னி லேன்’. பீட்டில்ஸின் முந்தைய டிரம்ஸ் கலைஞர் பீட் பெஸ்ட் 1941இல் பிறந்ததும் இதே மதராஸில் என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. இவற்றுக்கும் பாகூவில் நடந்ததற்கும் தொடர்பு ஏதும் கிடையாது. ஊர்ப்பற்றுக்கு இவ்வளவு இடம் போதும்.

பெரம்பூரில் ரயில்வே குடியிருப்புகளை ஒட்டி வளர்ந்தவர்களுக்கு எங்கெல்பெர்ட்டின் குரல் புதிதாக இருக்காது. ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் ஜிம் ரீவ்ஸ், கிளிஃப் ரிச்சர்ட் ஆகியோரின் இசைத்தட்டுகளுக்கு அருகில் அவருடைய தட்டும் இருக்கும். எங்கள் தெருவில் இருந்த ஆன்ட்டி ஒருவர், அந்தத் தட்டைத் துடைத்துக்கொண்டே, “நம்ம ஊர்ப் பிள்ளைப்பா அவரு, யாருக்கும் தெரியாது” என்பார். “நிஜமாவா ஆன்ட்டி?” என்று நாங்கள் கேட்டால், “பின்னே? மெட்ராஸ்ல பொறந்தவரு” என்று பெருமையுடன் சொல்லிவிட்டு ‘தி லாஸ்ட் வால்ட்ஸ்’ பாடலை மறுபடியும் சுழலவிடுவார். எனவே 2012 மார்ச்சில் பிபிசி நிறுவனம் தன் போட்டியாளராக எங்கெல்பெர்ட்டை அறிவித்த செய்தியைப் படித்தபோது, நடுநிலையான பார்வையாளனாக இருக்கும் தகுதியை நான் இழந்துவிட்டேன். இறுதிச் சுற்று ஐரோப்பியக் கணக்கில் மே 26 இரவு, பாகூவில் சரியாக நள்ளிரவு 12 மணி, சென்னையில் 12.30. பாகூவுக்கும் நமக்கும் அன்று அரை மணி நேரமே வித்தியாசம் என்பதால், அந்த நிகழ்ச்சியை ஐரோப்பியர்களைப் போல மாலைக் கொண்டாட்டமாகப் பார்க்காமல், அஜர்பைஜான் மக்களைப் போலவே தூக்கத்தைத் தொலைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

போட்டியின் வாக்கு முறையைத் தெரிந்துகொள்ளாமல் தோல்வியின் காரணத்தைப் பேச முடியாது. 2012இல் கலந்துகொண்ட நாடுகள் 42. இறுதிச் சுற்றுக்கு வராத நாடுகளும் வாக்களிக்கும். எந்த நாடும் தனக்கே வாக்களிக்க முடியாது. ஒவ்வொரு நாட்டிலும் ஐந்து பேர் கொண்ட நடுவர் குழுவின் தீர்ப்புக்கு ஒரு பாதி, மக்களின் தொலைபேசி வாக்குக்கு மறு பாதி என்று சேர்த்து, பத்துப் பாடல்களுக்கு மட்டும் 12, 10, 8, பிறகு 7 முதல் 1 வரை என்று புள்ளிகள் அப்போது தரப்பட்டன. பதினொன்றாவதாக வந்த பாடலுக்கும் கடைசியாக வந்த பாடலுக்கும் கிடைத்தது ஒன்றே: சுழியம். அன்றைய விதியில் இன்னொரு நுணுக்கமும் இருந்தது. நடுவர் பட்டியலிலும் மக்கள் பட்டியலிலும் முதல் பத்து இடங்கள் மட்டுமே கணக்கில் கொள்ளப்பட்டன. முழு வரிசையையும் சேர்த்துக் கணக்கிடும் முறை 2013இல்தான் வந்தது. இதன் பொருள் எளிமையானது. ஐரோப்பா முழுவதிலும் உள்ள எல்லோரும் ஒரு பாடலை ‘பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது’ என்று கருதிப் பன்னிரண்டாம் இடத்தில் வைத்தால், அந்தப் பாடல் ஒரு புள்ளியும் இல்லாமல் திரும்பும். பாதிப் பேர் சகிக்க முடியாது என்று சொல்லி, மீதிப் பேர் தலையில் வைத்துக் கொண்டாடும் பாடல் வெற்றி மேடைக்கு அருகில் வந்துவிடும். வெறுப்பு இங்கே எதையும் கழிப்பதில்லை. அலட்சியம்தான் ஆளைக் கொல்லும்.

தோல்விக்குப் பிரிட்டனில் வழக்கமாகச் சொல்லப்படும் முதல் காரணம் அரசியல். அண்டை நாடுகள் ஒன்றுக்கொன்று வாக்களித்துக்கொள்கின்றன, எங்களுக்கு நண்பர்கள் இல்லை, எங்களை யாருக்கும் பிடிக்காது என்பது அந்த வாதம். அண்டை நாட்டுப் பாசம் இருப்பது உண்மை. கிரீஸும் சைப்ரஸும் ஒன்றுக்கொன்று 12 புள்ளிகளைப் பரிமாறிக்கொள்வது போட்டியின் நிரந்தர நகைச்சுவைகளில் ஒன்று. ஆயினும் பிரிட்டனின் சொந்தக் கணக்கைப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது. 2009இல் ஜேட் யூவன், ஆண்ட்ரூ லாயிட் வெப்பர் இசையமைத்த பாடலைப் பாடி 173 புள்ளிகளுடன் ஐந்தாம் இடம் பெற்றார். அடுத்த ஆண்டே ஜாஷ் டூபோவி 10 புள்ளிகளுடன் கடைசி இடம். 2011இல் ‘புளூ’ குழுவுக்கு 100 புள்ளிகள், பதினொன்றாம் இடம். அதற்கடுத்த ஆண்டு எங்கெல்பெர்ட்டுக்கு 12. நான்கு ஆண்டுகளில் ஐரோப்பாவின் எல்லைக்கோடுகள் மாறவில்லை. பிரிட்டனின் அண்டை நாடுகளும் மாறவில்லை. அதன் மீதான வன்மம் என்று ஒன்று இருந்திருந்தால் அதுவும் ஆண்டுக்கு ஆண்டு இப்படி ஏறி இறங்கியிருக்காது. மாறியது பாடல் மட்டுமே. மேலும், எங்கெல்பெர்ட்டின் அந்தப் பாடல் பிரிட்டனின் சொந்த விற்பனைப் பட்டியலிலேயே முதல் 40 இடங்களுக்குள் நுழையவில்லை. சொந்த நாட்டினர் காசு கொடுத்து வாங்காத பாடலுக்கு எஸ்டோனியாக்காரர் காசு செலவழித்துத் தொலைபேசியில் வாக்களிக்கவில்லை என்று குறைசொல்வது நியாயமாகாது.

இரண்டாவது காரணமாகச் சொல்லப்பட்டது வயது. எழுபத்தாறு வயதுக் கிழவரை இளைஞர்களின் போட்டிக்கு அனுப்பினால் வேறென்ன நடக்கும் என்று பலரும் எழுதினார்கள். அதே இரவில், அதே மேடையில், ரஷ்யாவின் உத்மூர்த்தியா பகுதியிலுள்ள புரனோவோ என்ற சிற்றூரிலிருந்து வந்த பாட்டிமார் குழு இரண்டாம் இடத்தைப் பெற்றது என்பதை இவர்கள் எப்படி மறந்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அந்தப் பாட்டிமாரில் மூத்தவரான நத்தாலியா புகச்சோவா 1935 நவம்பரில் பிறந்தவர்; அதாவது எங்கெல்பெர்ட்டை விடச் சில மாதங்கள் மூத்தவர். தங்கள் தாய்மொழியான உத்மூர்த்திலும் கொஞ்சம் ஆங்கிலத்திலும் பாடிக்கொண்டே மேடையில் ஓர் அடுப்பை வைத்து அப்பம் சுட்ட அந்தப் பெண்கள் 259 புள்ளிகளை அள்ளிச் சென்றார்கள். தங்கள் ஊரில் இல்லாமல் போன தேவாலயத்தைத் திரும்பக் கட்டப் பணம் சேர்க்கிறோம் என்ற அவர்களின் கதையும் வாக்காளர்களைத் தொட்டிருக்கலாம். எப்படியாயினும், முதுமைக்கு ஐரோப்பா வாக்களிக்காது என்ற முடிவுக்கு அந்த இரவிலிருந்து யாரும் வர முடியாது.

மெதுவான பாடல் எடுபடாது என்ற மூன்றாவது விளக்கமும் அதே முடிவுப் பட்டியலைப் பார்த்தவுடன் விழுந்துவிடுகிறது. மூன்றாம் இடம் பெற்ற செர்பியாவின் ஷெல்கோ யோக்ஸிமோவிச் பாடியது நிதானமான காதல் பாட்டு, 214 புள்ளிகள். நான்காம் இடம் பெற்ற அஜர்பைஜானின் சபீனா பாபாயேவா, ஐந்தாம் இடம் பெற்ற அல்பேனியாவின் ரோனா நிஷ்லியு, ஆறாம் இடம் பெற்ற எஸ்டோனியாவின் ஓட் லெப்லாண்ட் ஆகிய மூவர் பாடியவையும் மெதுவானவையே. முதல் ஆறு பாடல்களில் நான்கு கால்களை ஆட்டவைக்காதவை. நடன இசைக்கு மட்டுமே வாக்கு விழும் என்று நினைப்பவர்கள் அன்று முதலிடம் பெற்ற ஸ்வீடன் பாடகி லோரீனின் வெற்றியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

இந்த விளக்கங்களில் ஓரளவு உண்மை உள்ளது ஒன்றுதான்: அவர் முதலாவதாகப் பாட வேண்டி வந்தது. அந்த ஆண்டு வரை பாடும் வரிசை குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டது. பிரிட்டனுக்கு விழுந்தது எண் 1. நம் டிசம்பர் சீசனில் எந்தச் சபாவும் மூத்த வித்வானின் கச்சேரியை ஆள் வராத மதிய நேரத்தில் வைத்துவிட்டு, மாலையில் கூட்டம் நிறைந்த பிறகு ரசிகர்களைக் கூப்பிட்டு ‘மதியம் பாடியவரைப் பற்றி உங்கள் கருத்து என்ன’ என்று கேட்காது. பாகூவில் நடந்தது ஏறக்குறைய அதுதான். முந்தைய இரண்டு ஆண்டுகளில் நிகழ்ச்சி தொடங்கியதிலிருந்தே வாக்களிக்க முடிந்தது. 2012இலோ எல்லாப் பாடல்களும் முடிந்த பிறகு 15 நிமிடங்கள் மட்டுமே தொலைபேசி வாக்கு திறந்திருந்தது. எங்கெல்பெர்ட் பாடி முடித்ததற்கும் முதல் வாக்கு விழுந்ததற்கும் இடையே ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஓடிவிட்டது. இருபத்தைந்து பாடல்கள் காதில் விழுந்துவிட்டன. முதலாவதாகப் பாடி வென்றவர்கள் போட்டியின் வரலாற்றிலேயே மூவர்தான்: 1975இல் நெதர்லாந்து, 1976இல் பிரிட்டன், 1984இல் ஸ்வீடன். அதற்குப் பிறகு யாருமில்லை.

ஆயினும் வெல்ல முடியாமல் போவதற்கும் 25ஆம் இடத்துக்குப் போவதற்கும் நடுவே நிறைய தூரம் இருக்கிறது. அல்பேனியா அன்று மூன்றாவதாகப் பாடி ஐந்தாம் இடம் பெற்றது. ரஷ்யப் பாட்டிமார் பாடியது ஆறாவதாக. கடைசி இடத்துக்குப் போன நார்வே பாடியதோ வரிசையின் நட்ட நடுவில், பன்னிரண்டாவதாக. குலுக்கல் பிரிட்டனுக்குச் சில புள்ளிகளை இழக்கவைத்திருக்கும் என்பதை ஏற்றுக்கொள்ளலாம். ரோனா நிஷ்லியுவின் பாடலைக் கேட்டவர்கள் ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகும் அதை மறக்கவில்லை என்பதையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டும். பக்கவாத்தியங்கள் ஒதுங்கி நிற்க, நெஞ்சைப் பிளக்கும் ஒரு நீண்ட ஓலமாக எழுந்த அந்தக் குரலை விரும்பாதவர்கள் இருப்பார்கள். கேட்டோமா இல்லையா என்று யோசிக்க வேண்டிய நிலை யாருக்கும் வந்திருக்காது.

என் பார்வையில், பிரிட்டனின் தோல்வி பாகூவுக்குப் போகும் முன்பே, மார்ச் 1ஆம் தேதியே முடிவாகிவிட்டது. அன்று பிபிசி அறிவித்தது பாடகரின் பெயரை மட்டுமே. பாடல் அதற்குப் பிறகுதான் வெளியாயிற்று. இந்த வரிசையில்தான் எல்லாம் இருக்கிறது. யார் பாடுவார் என்று முதலில் தீர்மானித்து, அவருக்கு ஏற்ப ஒரு பாடலைச் செய்வது இசைத்தட்டு நிறுவனங்களின் வழக்கம். அவர்களுக்கு அதில் நட்டமில்லை, ஏனென்றால் அவர்களின் வாடிக்கையாளர் பாடகரின் பெயரைப் பார்த்துத்தான் தட்டை வாங்குகிறார். யூரோவிஷனில் வாக்களிப்பவர் அந்த வாடிக்கையாளர் அல்லர். அவருக்கு முன்னால் மூன்று நிமிடப் பாடல் ஒன்று இருக்கிறது. பாடியவர் 1967இல் என்ன செய்தார் என்பது அந்த மூன்று நிமிடங்களுக்குள் தெரியவராவிட்டால் அது அவருக்கு இல்லாத ஒன்று.

‘லவ் வில் செட் யூ ஃப்ரீ’ என்ற அந்தப் பாடலை எழுதியவர்கள் தொழில் தெரியாதவர்கள் அல்லர். மார்ட்டின் டெரெஃபே தேர்ந்த தயாரிப்பாளர். சாஷா ஸ்கார்பெக் உலகமெங்கும் ஒலித்த ‘யூ ஆர் பியூட்டிஃபுல்’ பாடலை ஜேம்ஸ் பிளண்ட்டுடன் சேர்ந்து எழுதியவர். அவர்கள் எங்கெல்பெர்ட்டின் பழைய பாடல்களைக் கவனமாகக் கேட்டுத்தான் இதைச் செய்திருக்கிறார்கள் என்பது முதல் அடியிலேயே தெரிகிறது. வால்ட்ஸ் நடனத்துக்கான மூன்று எண்ணிக்கைத் தாளம், மெல்லிய தொடக்கம், இறுதியில் சுருதி உயர்ந்து குரல் விரிவது என்று எல்லாமே ‘தி லாஸ்ட் வால்ட்ஸ்’ காலத்து உடைகள். பொருளிலும் அப்படித்தான். 1967இன் ‘ரிலீஸ் மீ’ பாடலில் ஒருவன் தன்னை விட்டுவிடும்படி கேட்கிறான். 2012இன் பாடலிலோ ஒருவன், நேசித்தவளைப் போக விடுகிறான். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அதே குரல் அந்த வேண்டுகோளுக்குப் பதில் சொல்வதாகவே எனக்குப் பட்டது. பெரம்பூரில் அந்த இசைத்தட்டைக் கேட்டு வளர்ந்த எனக்கு அது தொண்டையை அடைத்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பாடலின் அழகு முழுவதும் அதற்கு வெளியே, கேட்பவரின் நினைவில் இருக்கிறது. முதல் பாட்டைக் கேட்டிராதவருக்கு இரண்டாவது பாட்டு எதற்குமான பதிலாக இல்லை. அவர் கேட்டதெல்லாம் முதியவர் ஒருவர் கறுப்பு உடையில் நின்று, பின்னால் ஒரு ஜோடி நடனமாட, மிகவும் அடக்கமாகப் பாடிய ஒரு பழைய பாணிப் பாட்டு. முதல் நிமிடத்தில் அது எங்கும் நகர்வதில்லை. குரல் தன் முழு வலுவைக் காட்டுவது கடைசி அரை நிமிடத்தில்தான், அதற்குள் கேட்பவர் தேநீர் எடுக்க எழுந்துவிட்டார். குரலில் குறை சொல்ல முடியாது. எழுபத்தாறு வயதில் நேரலையில் அந்த இறுதி ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தியதை எந்த வயதுப் பாடகரும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். பிடிக்காத பாடல் என்று யாரும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். நாற்பத்தொரு நாடுகளில் பெரும்பாலானவற்றில் அது பத்துக்குள் வரவில்லை, அவ்வளவுதான். புள்ளிக் கணக்கு மீதியைப் பார்த்துக்கொண்டது.

ஸ்வீடன் அதே ஆண்டில் செய்தது இதற்கு நேர் எதிர். அங்கே ‘மெலோடிஃபெஸ்டிவாலென்’ என்ற தேசியத் தேர்வுப் போட்டி பல வாரங்கள், பல நகரங்களில் நடக்கிறது. நாடே உட்கார்ந்து பார்க்கிறது. லோரீன் 2011இலும் அதில் பாடினார், இறுதிச் சுற்றுக்கு வர முடியவில்லை. மறு ஆண்டு தாமஸ் ஜீசன், பீட்டர் பொஸ்ட்ரோம் இருவரும் எழுதிய ‘யூஃபோரியா’ பாடலுடன் திரும்பி வந்தார். இருட்டான மேடை, முகத்தை மறைக்கும் கூந்தல், வெறுங்கால், ஒரே ஒரு துணை நடனக்காரர், விழும் பனி என்று பாகூவில் உலகம் பார்த்த அந்தக் காட்சியின் அடிப்படை ஸ்வீடன் மக்கள் முன்னிலையில் முன்பே சோதித்துப் பார்க்கப்பட்டிருந்தது. 372 புள்ளிகள்; 18 நாடுகளிடமிருந்து உச்சப் புள்ளியான 12. லோரீனின் பெயர் அதற்கு முன் ஸ்வீடனுக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? பாடல் வெளியான பிறகோ அது பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை ஏறியது.

பிரிட்டன் ஏன் இப்படிச் செய்ய முடியவில்லை என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1977 முதல் 1998 வரை ஒவ்வொரு நாடும் தன் தேசிய மொழியில்தான் பாட வேண்டும் என்ற விதி இருந்தது. ஐரோப்பா முழுவதும் ஆங்கிலப் பாட்டு வானொலியில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், போட்டியில் ஆங்கிலத்தில் பாடும் உரிமை பிரிட்டன், அயர்லாந்து, மால்டா ஆகிய நாடுகளுக்கே இருந்தது. அந்தக் காலத்தில் பிரிட்டன் பெரும்பாலும் முதல் பத்துக்குள் வந்தது. அயர்லாந்து 1992, 1993, 1994, 1996 என்று வென்று குவித்தது. 1999இல் விதி தளர்ந்து எல்லோரும் ஆங்கிலத்தில் பாடத் தொடங்கியதும் இரு நாடுகளும் ஒருசேரச் சரிந்தன. முயலாமலே கிடைத்துக்கொண்டிருந்த ஒரு சலுகை போய்விட்டது என்பதை ஏற்றுக்கொள்வதை விட, ஐரோப்பாவுக்கு எங்களைப் பிடிக்கவில்லை என்று சொல்வது லண்டனுக்கு எளிதாக இருந்தது. 1980 முதல் 2008 வரை ஆண்டுதோறும் பிபிசி தொலைக்காட்சியில் வர்ணனை செய்த டெரி வோகன், போட்டியைக் கேலி செய்தே நேயர்களைச் சிரிக்கவைத்தவர். அவருடைய நகைச்சுவை நன்றாகத்தான் இருக்கும். அதைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறைப் பாடகர்களுக்கு இப்போட்டி, தோற்றால் பிழைப்பு கெடும், வென்றாலும் மதிப்பு கூடாது என்ற இடமாக ஆகிவிட்டது. தொழிலின் நடுப்பகுதியில், நல்ல பாட்டைக் கையில் வைத்திருக்கும் ஒருவர் அங்கே ஏன் போவார்? இழப்பதற்கு ஒன்றும் இல்லாத புதியவர்களும், தோல்வியால் இனிக் குறையாத புகழ் உடைய மூத்தவர்களும்தான் மிஞ்சினார்கள். எங்கெல்பெர்ட் இரண்டாம் வகை. அழைத்தவுடன் ஒப்புக்கொண்டு, பேட்டிகளில் உற்சாகத்துடன் பேசி, மேடையில் எந்தக் குறையும் வைக்காமல் பாடிவிட்டுத் திரும்பிய அவர்மீது எனக்கு மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை.

இங்கே ஒரு பழைய ஒப்புமை நினைவுக்கு வருகிறது. லக்னோவில் பிறந்த கிளிஃப் ரிச்சர்ட் 1968இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பிரிட்டனுக்காகப் பாடியபோது அவரும் பெரிய நட்சத்திரம்தான். ஆனால் அவர் கொண்டுவந்த ‘கங்கிராஜுலேஷன்ஸ்’ அன்றைய பாட்டு, அன்றைக்கே தெருவில் முணுமுணுக்கப்பட்ட பாட்டு. ஸ்பெயினின் மசியேலிடம் ஒரே ஒரு புள்ளியில், 28க்கு 29 என்று தோற்றார். நட்சத்திரத்தை அனுப்புவது தவறு என்று நான் சொல்லவில்லை. நட்சத்திரத்தின் வாழ்க்கை வரலாற்றைப் பாட்டாக்கி அனுப்புவதுதான் பயனற்றது.

அடுத்த ஆண்டே பிபிசி அதே வழியில் மறுபடியும் போயிற்று என்பதை இன்றும் என்னால் நம்ப முடியவில்லை. 2013இல் மால்மோ நகருக்குப் போனவர் போனி டைலர், 1983இல் பிரிட்டனின் பட்டியலில் முதலிடம் பிடித்தவர். இம்முறை வரிசையைக் குலுக்கல் தீர்மானிக்கவில்லை, தயாரிப்பாளர்களே அமைத்தார்கள். அவர் பாடியது வசதியான பதினைந்தாவது இடத்தில். கிடைத்தது 23 புள்ளிகள், 19ஆம் இடம். பாகூவில் குலுக்கல்தான் கெடுத்தது என்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை.

பெயரை முதலில் அறிவிக்கும் பழக்கம் அத்துடன் நின்றுவிடவும் இல்லை. 2023 டிசம்பரில், பெரும் கூட்டம் பார்க்கும் ஒரு நடன நிகழ்ச்சியின் இறுதிச் சுற்றுக்கு நடுவே, ‘இயர்ஸ் அண்ட் இயர்ஸ்’ என்ற பெயரில் புகழ் பெற்றிருந்த ஆலி அலெக்சாண்டர் அடுத்த ஆண்டுப் போட்டியாளர் என்று பிபிசி அறிவித்தது. பாட்டு வெளியானது 2024 மார்ச்சில். நடுவர்களும் மக்களும் தனித்தனியாகப் புள்ளிகள் தரும் முறை அதற்குள் வந்திருந்தது. மே மாதம் நடுவர்கள் 46 புள்ளிகள் கொடுத்தார்கள்; மக்கள் வாக்கில் சுழியம்; 18ஆம் இடம். 2025இல் பாசல் நகரில் பாடிய ‘ரிமெம்பர் மண்டே’ குழுவுக்கு நடுவர்கள் 88 கொடுத்தும் மக்களிடமிருந்து மீண்டும் சுழியமே வந்தது. இந்தக் குழுவின் தோல்வியை நான் சொல்லும் காரணத்துக்குள் அடைக்க மாட்டேன். அவர்கள் பெயரை நம்பி வந்தவர்கள் அல்லர், தாளம் பல முறை மாறும் ஒரு சிக்கலான நகைச்சுவைப் பாட்டை நம்பி வந்தவர்கள். அதே இரவில் நடுவர்களிடம் 214 புள்ளிகள் பெற்றிருந்த சுவிட்சர்லாந்தின் சோயி மேயும் மக்கள் வாக்கில் சுழியம் பெற்றார் என்பதைப் பார்க்கும்போது, பத்துக்குள் வராதவர்களுக்கு இந்தக் கணக்கு காட்டும் கொடுமை யாருக்கும் விதிவிலக்கு தருவதில்லை என்று தெரிகிறது.

இவற்றுக்கு நடுவே 2022 வருகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்தபடி பாடி டிக்டாக்கில் ரசிகர்களைச் சேர்த்த சாம் ரைடர், துரின் நகரில் ‘ஸ்பேஸ் மேன்’ பாடி 466 புள்ளிகளுடன் இரண்டாம் இடம் பெற்றார். நடுவர் வாக்கில் அவரே முதல். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகு நடந்தது இது. ஐரோப்பாவின் கோபம் என்று ஒன்று இருந்தால் அது அன்று வெளிப்பட்டிருக்க வேண்டும்.

அதே 2022 மார்ச்சில், மார்வெல் நிறுவனத்தின் ‘மூன் நைட்’ தொடரின் முதல் பகுதியில் எங்கெல்பெர்ட் 1968இல் பாடிய ‘எ மேன் விதவுட் லவ்’ ஒலித்தது. அவர் பெயரைக் கேள்விப்பட்டிராத பிள்ளைகள் அந்தப் பாட்டைத் தேடி இணையத்தில் அலைந்தார்கள்; என் உறவினரின் மகன், கல்லூரியில் படிப்பவன், எனக்கே அதை அனுப்பி, “மாமா, இந்த வாய்ஸ் யாருதுன்னு தெரியுமா?” என்று கேட்டான். அந்தப் பாட்டு ஓர் இத்தாலியப் பாட்டின் ஆங்கில வடிவம். மூலப் பாட்டு 1968ஆம் ஆண்டின் சான்ரெமோ விழாவில், அதாவது யூரோவிஷனுக்கே முன்மாதிரியாக இருந்த பாட்டுப் போட்டியில், மேடையேறியது.